ஐரிஷ் மரபிசைக்கு முதல் வாசல் எது? சீஃப்டன்ஸ், பிளாங்க்ஸ்டி, பாத்தி பேண்ட்

ஐரிஷ் மரபிசையைக் கேட்டுப் பழக வேண்டும், எந்தக் குழுவில் தொடங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் வெகுகாலம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: சீஃப்டன்ஸ். பெயர் பெரிது, தொகுப்புகளும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுப் போனவர்களில் பாதிப்பேர் நான் தொடங்கிய அதே இடத்தில்தான் போய் நின்றார்கள். அது 1995இல் வந்த 'தி லாங் பிளாக் வெயில்' என்ற தொகுப்பு. அதில் ஸ்டிங் பாடுகிறார், மிக் ஜாகர் பாடுகிறார், ஷினேட் ஓகானர் பாடுகிறார், டாம் ஜோன்ஸ் பாடுகிறார். உழைத்துச் செய்த தொகுப்பு, அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் வீட்டுக்காரர் எங்கே என்று தேடுகிற நிலைதான் புதிதாகக் கேட்பவருக்கு ஏற்படும். நானும் அப்படித் தேடி, கிடைக்காமல், இந்த இசையை ஓரமாக வைத்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

அதனால் இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மாதம் எதைக் கேட்கிறோமோ அதுதான் காதைப் பழக்குகிறது. பிறகு கேட்பதெல்லாம் அந்தப் பழக்கத்தின் மேல்தான் வந்து உட்காரும். என் பார்வையில் போட்டி மூன்று குழுக்களுக்கு இடையில்தான். டப்ளினர்ஸை விட்டுவிட்டேனே என்று சிலருக்குத் தோன்றும். 1962இல் டப்ளினின் ஓடனஹூஸ் மதுக்கடையில் உருவாகி 2012 வரை ஐம்பதாண்டுகள் மேடையில் நின்ற குழு அது. லூக் கெல்லியின் குரலை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். ஆனால் அவர்களின் உயிர் பாட்டிலும் சபையோரும் சேர்ந்து பாடுவதிலும் இருந்தது. வாத்திய மரபுக்குள் நுழைய விரும்புகிறவருக்கு அது பக்கத்துத் தெரு. டனிகால் மாவட்டத்துக் குடும்பக் குழுவான கிளானட் 1982க்குப் பிறகு வேறொரு ஒலியைத் தேடிப் போய்விட்டது. அதை இங்கே ஒப்பிடுவது இரண்டு பக்கத்துக்கும் நியாயமாகாது.

மூன்று குழுக்களுக்குள் போவதற்கு முன், எதைக் கேட்கப்போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் நடன மெட்டுகளில் பெரும்பான்மை ரீல், ஜிக் என்ற இரண்டு வகையில் அடங்கும். நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், ரீல் சதுச்ர நடையில் ஓடுவது, ஜிக் 'தகிட தகிட' என்று திச்ர நடையில் துள்ளுவது. மெட்டுக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழு மெட்டையும் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, இடைவெளியே விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலில்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். சுருதியோ நிறமோ மாறி, ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த மரபு அடிப்படையில் தனியாள் மரபு. ஒரு ஃபிடில் (வயலின்)காரர், ஒரு புல்லாங்குழல்காரர், ஒரு பைப்காரர், எதிரே ஆடுகிறவர்கள். சேர்ந்து வாசித்தாலும் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். 'கேலி' எனும் ஐரிஷ் கூட்டு நடனத்துக்கு வாசித்த பேண்டுகள் அப்படித்தான் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் ஷான் ஓ ரியடா என்ற இசையமைப்பாளர் 'கியோல்டோரி குவாலன்' என்ற குழுவைச் சேர்த்து அந்தப் பழக்கத்தை மாற்றினார். ஒரு வாத்தியம் பேச, மற்றது காத்திருக்க, பிறகு இரண்டு சேர, கடைசியில் எல்லோரும் சேர என்று மெட்டைப் பங்கிட்டுக் கொடுத்தார். பழைய கம்பி யாழின் ஒலியை நினைவூட்ட அவரே ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தை வாசித்தார். 1971இல் நாற்பது வயதில் அவர் இறந்துபோனார். அடுத்து வந்த ஐரிஷ் குழுக்கள் பலவும் ஏதோ ஒரு வகையில் அவர் திறந்த வழியில் நடந்தவைதான்.

ஓ ரியடாவின் அந்தக் குழுவில் பைப் வாசித்தவர் பேடி மொலோனி. 1962இல் அவர் டப்ளினில் தொடங்கியதே சீஃப்டன்ஸ். இலின் பைப் என்ற அந்த வாத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்காட்லாந்துப் பைப்பைப் போல வாயால் ஊதுவதில்லை. உட்கார்ந்து, வலது முழங்கையின் அடியில் ஒரு துருத்தியை அழுத்தி, இடக்கையின் அடியில் இருக்கும் பைக்குக் காற்றை அனுப்ப வேண்டும். 'இலின்' என்பதே முழங்கையைக் குறிக்கும் சொல். விரல்கள் மெட்டுக் குழலில் ஓடும்போது, நாகஸ்வரத்துக்கு ஒத்து போல மூன்று சுருதிக் குழல்கள் அடியில் நிற்கும். அதற்கும் மேலே, மணிக்கட்டால் தட்டி ஒலிக்கச் செய்யும் விசைக் குழல்கள் வேறு. கற்க ஏழு ஆண்டு, பழக ஏழு ஆண்டு, வாசிக்க ஏழு ஆண்டு என்று பைப்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

சீஃப்டன்ஸின் தொழில் வாழ்க்கையில் பலர் கவனிக்காத ஒன்று, முதல் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் இந்தக் குழு அவர்கள் யாருக்குமே முழுநேரத் தொழில் அல்ல என்பது. மொலோனி கட்டுமானப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்த்தவர். பிறகு குழுவின் தொகுப்புகளை வெளியிட்ட கிளாடா ரெக்கார்ட்ஸின் நிர்வாகத்துக்கு வந்தார். விசில் என்ற சிறு தகரக் குழலை வாசித்த ஷான் பாட்ஸும் ஃபிடில் வாசித்த ஷான் கீனும் தபால் துறையில் இருந்தார்கள். புல்லாங்குழல் வாசித்த மைக்கேல் டப்ரிடி பொறியாளர். யாழ் வாசித்த டெரெக் பெல் பெல்ஃபாஸ்டில் பிபிசியின் இசைக்குழுவில் வேலை பார்த்தவர். முதல் தொகுப்புக்கு அடுத்ததே 1969இல்தான் வந்தது. மூன்றாவது 1971இல், நான்காவது 1973இல். அவசரம் என்பதே இல்லை. வேலை முடிந்த மாலைகளில் ஒத்திகை பார்த்து, பிடிக்கவில்லையென்றால் ஒதுக்கிவைத்து, மறுபடி எடுத்துச் செய்த இசை அது. அந்த நிதானம் பதிவில் கேட்கிறது.

1975 மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கு நிறைந்த கச்சேரி நடந்தது. அந்த ஆண்டுதான் அவர்கள் அலுவலகங்களுக்கு விடை கொடுத்து முழுநேரமாக இறங்கினார்கள். அதே ஆண்டு வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' படத்தில் அவர்கள் வாசித்த 'ஐயர்லாந்தின் பெண்கள்' மெட்டு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றுக்கு ஓ ரியடா அமைத்த மெட்டு அது. அதன் பிறகு நடந்ததெல்லாம் உலகறிந்தது. 1979இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் போப் இரண்டாம் ஜான் பால் நடத்திய திருப்பலியில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன் வாசித்தார்கள். 1983இல் சீனப் பெருஞ்சுவரில் வாசித்தார்கள். 1988இல் பாடகர் வான் மாரிசனுடன் ஒரு தொகுப்பு. 1989இல் ஐயர்லாந்து அரசு அவர்களை நாட்டின் இசைத் தூதர்களாக அறிவித்தது. ஆறு கிராமி விருதுகள். 2021இல் மொலோனி மறையும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள்.

இந்த நீளம்தான் புதியவருக்குச் சிக்கல். நாற்பது தொகுப்புகளில் எதில் கைவைப்பது? 1975க்குப் பிந்தைய சீஃப்டன்ஸ், சீனம், ஸ்பெயினின் கலீசியா, மெக்சிகோ என்று ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் இசைக்காரர்களோடு கைகோத்த குழு. கலீசிய இசையோடு சேர்ந்து செய்த 1996ஆம் ஆண்டின் 'சாந்தியாகோ' எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் எது ஐரிஷ், எது கலீசியா என்று பிரித்துக் கேட்க ஐரிஷ் காது முதலில் தேவை. ஆகவே சீஃப்டன்ஸைத் தேர்ந்தெடுக்கிறவர் 1973ஆம் ஆண்டின் நான்காவது தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும். அதில் 'டிரௌசி மேகி' என்ற ரீல் ஒன்று இருக்கிறது. குழு முழுவதும் ரீலை வாசித்து நிறுத்தும், ஒருவர் மட்டும் தனியாக ஒரு மெட்டை வாசிப்பார். மறுபடி எல்லோரும் ரீலுக்கு வருவார்கள், அடுத்தவர் தனியாக எழுவார். இப்படி ஒவ்வொருவராக முகம் காட்டிவிட்டுக் கலைகிறார்கள். எந்தச் சத்தம் ஃபிடில், எது விசில், எது மரப் புல்லாங்குழல், எது பைப் என்று தெரியாமல் தவிப்பவருக்கு இதைவிடத் தெளிவான அறிமுகம் எங்கும் கிடைக்காது. நான் இந்த ஒரு பதிவை வைத்துத்தான் வாத்தியங்களைப் பிரித்தறியக் கற்றேன்.

சீஃப்டன்ஸின் தொடக்கக் காலத்தில் ஒரு பெரிய இன்மை உண்டு. பாட்டு கிடையாது. 1976இல் கெவின் கானிஃப் வந்த பிறகுதான் குழுவுக்கென்று ஒரு பாடகர் அமைந்தார். வாத்தியம் மட்டும் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு முக்கால் மணி நேரம் சொல்லே இல்லாத இசை நீளமாகத்தான் தெரியும்.

பிளாங்க்ஸ்டி அங்கேதான் முந்துகிறது. 1972இல் நான்கு பேர் சேர்ந்தார்கள்: கிறிஸ்டி மூர், டோனல் லன்னி, ஆண்டி இர்வைன், லியம் ஓஃப்ளின். கில்டேர் மாவட்டத்தில் புராஸ்பரஸ் என்ற ஊரில் ஒரு வீட்டில் மூரின் தனித் தொகுப்புக்காகக் கூடியவர்கள், அங்கே எழுந்த ஒலியை விட்டுப் பிரிய மனமில்லாமல் குழுவானார்கள். 'பிளாங்க்ஸ்டி' என்பது, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பார்வையற்ற யாழ்க் கலைஞர் கரோலன், தம்மை ஆதரித்தவர்களின் பெயரில் அமைத்த மெட்டுகளில் வரும் சொல். முதல் தொகுப்பு 1973இல் வந்தது. கருப்பு அட்டை என்பதால் கருப்புத் தொகுப்பு என்றே அழைக்கப்படுகிறது.

அதன் முதல் பதிவை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 'ராகிள் டாகிள் ஜிப்சி' என்ற கதைப்பாட்டு. ஒரு பிரபுவின் மனைவி பஞ்சு மெத்தையையும் மாளிகையையும் விட்டுவிட்டு நாடோடிகளோடு போய்விடுகிறாள். கணவன் குதிரையேறித் துரத்திப் பிடித்து, எல்லாவற்றையும் எப்படி விட்டுவந்தாய் என்று கேட்கிறான். திரும்பி வர அவள் மறுக்கிறாள். இந்தப் பாட்டை மூர் கற்றது, ராஸ்காமன் மாவட்டத்தின் பாயில் என்ற ஊரில் வறுமையில் வாழ்ந்து 1969இல் இறந்த ஜான் ரைலி என்ற நாடோடிச் சமூகப் பாடகரிடமிருந்து வந்த வழியில். நாடோடிகளின் பாட்டை ஒரு நாடோடியே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டு வேறாகக் கேட்கிறது.

பாட்டு முடிகிற இடத்தைக் கவனியுங்கள். மூரின் குரல் ஓய்கிறது. இர்வைனின் மாண்டலினும் லன்னியின் பூசூக்கியும் பின்னிக்கொண்டே ஓடி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகின்றன. தாளம் மூன்றெண்ணிக்கைக்கு மாறுகிறது. அங்கிருந்து 'உன் கையைக் கொடு' என்று பொருள்படும் பழைய யாழ் மெட்டு ஒன்று எழுகிறது, அதன் மேல் ஓஃப்ளினின் பைப். துரத்தலும் சண்டையுமாக இருந்த கதை, சமாதானத்துக்குக் கை நீட்டும் மெட்டில் போய் அமர்கிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவரை, அவரே அறியாமல் வாத்திய மரபுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். புதியவருக்கு வேறென்ன வேண்டும்?

பூசூக்கி கிரேக்கக் கம்பி வாத்தியம். அதை ஐரிஷ் இசைக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஜானி மோய்னிஹன், 1960களில். இர்வைன் பால்கன் நாடுகளில் அலைந்து அங்கத்திய ஒற்றைப்படைத் தாளங்களைக் கற்று வந்தவர். 1974ஆம் ஆண்டின் மூன்றாவது தொகுப்பில் பல்கேரிய நடன மெட்டு ஒன்றே இருக்கிறது. மரபு என்றால் மூடிய பெட்டி என்று நினைப்பவர்களுக்கு இவர்கள் நல்ல மறுமொழி. சீஃப்டன்ஸ் உலகத்தை விருந்துக்கு அழைத்தது. பிளாங்க்ஸ்டி உலகத்திலிருந்து ஒரு கருவியையும் சில தாளங்களையும் எடுத்துவந்து தன் வீட்டுப் பொருளாகவே ஆக்கிக்கொண்டது.

தொழில் வாழ்க்கை என்று பார்த்தால் பிளாங்க்ஸ்டி கரை சேரவில்லை. லன்னி 1973இலேயே விலகினார், மூர் 1974இல். பால் பிரேடி வந்து பாடினார். 1975 முடிவில் குழு கலைந்தது. 1979இல் மறுபடி கூடி 1983 வரை சில தொகுப்புகள். 2004இல் அசல் நால்வரும் மேடையேறினார்கள். ஆறு ஸ்டுடியோ தொகுப்புகள், அவ்வளவுதான். முழுவதையும் ஒரு வாரத்தில் கேட்டுவிடலாம் என்பது தொடங்குகிறவருக்குக் கிடைக்கும் வசதி. ஓஃப்ளின் 2018இல் மறைந்தார்.

பிளாங்க்ஸ்டியிலிருந்து வெளியேறிய லன்னி அடுத்துச் சேர்ந்ததுதான் பாத்தி பேண்ட். 1975 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் முதல் கச்சேரி. பைப்புக்கு பேடி கீனன், புல்லாங்குழலுக்கு மேட் மொல்லாய், ஃபிடிலுக்கு டாமி பீப்பிள்ஸ், கிடாருக்கு மீஹால் ஓ டோனில், அவர் தங்கை டிரீனா கிளாவினெட் என்ற மின்விசைப் பலகைக்கும் பாட்டுக்கும். 'பாத்தி' என்பது பிழைப்புக்காக ஸ்காட்லாந்துக்குப் போன ஐரிஷ் கூலித் தொழிலாளர்கள் தங்கிய குடிசை.

இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை வேகமெடுக்கிறது. முன்னால் பைப், குழல், ஃபிடில் மூன்றும் ஒரே மெட்டை ஒரே மூச்சில் வாசிக்கும். பின்னால் லன்னியின் பூசூக்கியும் கிடாரும் கிளாவினெட்டும் ராக் குழுவின் தாளப் பிரிவுபோல் உந்தித்தள்ளும். 1975ஆம் ஆண்டின் முதல் தொகுப்பு 'கெஷ் ஜிக்'கில் தொடங்குகிறது. மெட்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் பின்னணி அடுக்கு ஒன்று கூடும் அல்லது சட்டென்று விலகும். மேடையிலும் அதே வெறி என்பதற்கு, பாரிஸில் 1978இல் பதிவான நேரடித் தொகுப்பு சாட்சி. 1979இல் கலைந்துவிட்டார்கள். நான்கு தொகுப்புகள். இந்த மரபில் இதற்கு மேல் ஆற்றல் கொண்ட பதிவுகள் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இருந்தும் இதை முதல் வாசலாகச் சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில் புதிய காதுக்கு ஒரு ரீலும் அடுத்த ரீலும் ஒன்றாகத்தான் கேட்கும். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று இந்த இசையைக் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நுழைந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேகமான பதிவுகளின் வழியாகத்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. ராக் இசையிலேயே ஊறி வளர்ந்தவராக இருந்தால் தயங்காமல் இங்கேயே தொடங்கலாம். உந்துதல் அவரைப் பிடித்துக்கொள்ளும், மெட்டு பிறகு புலப்படும்.

மூன்று பைப்காரர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குழுக்களின் குணமும் விளங்கும். மொலோனியும் ஓஃப்ளினும் லியோ ரௌசம் என்ற ஒரே ஆசானிடம் கற்றவர்கள். மொலோனியின் பைப் கூட்டத்தின் நடுவே நின்று வழிநடத்துவது, தலைவனுடைய வாசிப்பு. ஓஃப்ளினுடையது ஒவ்வொரு ஸ்வரத்தையும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் சுத்தம், பாட்டுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தது. கீனன் பைப் வாசிக்கும் நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். விரல்கள் அறுந்து நிற்காமல் வழுக்கி ஓடும், காட்டாறு.

ஆகவே என் பரிந்துரை இது. சொல்லும் கதையும் பிடித்தவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள், பிளாங்க்ஸ்டியின் 1973ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் தொடங்குங்கள். ஒரு வாரம் அதை மட்டும் கேளுங்கள். இரண்டாவதாக சீஃப்டன்ஸின் நான்காவது தொகுப்பு. வாத்திய இசையில் ஏற்கெனவே பழகியவர், கச்சேரியில் பாட்டைவிடத் தனி வாத்தியத்துக்குக் காது கொடுப்பவர், இந்த இரண்டின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது பாத்தி பேண்ட். 1995ஆம் ஆண்டின் நட்சத்திரத் தொகுப்பை எல்லாவற்றுக்கும் பிறகு எடுங்கள். அப்போது ஸ்டிங்கின் குரலுக்கு அடியில் மொலோனியின் விசில் என்ன செய்கிறது என்பது தானாகவே காதில் விழும்.

மூன்று குழுக்களையும் இணைக்கும் நூல் ஒன்றும் கையில் இருக்கட்டும்: மேட் மொல்லாயின் புல்லாங்குழல். ராஸ்காமன் மாவட்டத்துக்காரர், விமானப் பழுதுபார்ப்பில் வேலை பார்த்தவர். 1975இல் பாத்தி பேண்டில் வாசித்தார், 1979இல் மீண்டும் கூடிய பிளாங்க்ஸ்டியில் வாசித்தார், அதே ஆண்டில் டப்ரிடிக்குப் பதிலாக சீஃப்டன்ஸில் சேர்ந்தார். அவர் தந்த குழல் ஒன்றை விண்வெளி வீராங்கனை கேடி கோல்மன் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோய் 2011இன் புனித பேட்ரிக் தினத்தில் வாசித்தார். பாத்தி பேண்டின் முதல் தொகுப்பு, பிளாங்க்ஸ்டியின் 'ஆஃப்டர் தி பிரேக்', சீஃப்டன்ஸின் 'பாயில் தி பிரேக்ஃபஸ்ட் எர்லி' மூன்றிலிருந்தும் ஒவ்வொரு ரீலை எடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே மனிதர், அதே மரக்குழல். ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மூன்றிலும் கேட்கிறதா, சுற்றி இருப்பவர்கள் அதற்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பாருங்கள்.